சட்ட மாணவர்களின் விடுமுறைப் பயிற்சி: கவனம் பெறாத முதல் வாசல்

சட்ட மாணவர் ஒருவரின் வேலைவாய்ப்பு, பட்டம் பெற்ற பிறகே முடிவாகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நடைமுறை வேறு. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், பெரிய சட்ட நிறுவனங்களுக்கான ஆள்தேர்வு ஐந்தாண்டுப் படிப்பின் நான்காம் ஆண்டிலேயே நடந்துவிடுகிறது. அதற்கு முந்தைய விடுமுறைகளில் மாணவர் எங்கு பயிற்சி பெற்றார் என்பது அத்தேர்வில் முக்கிய இடம் பெறுகிறது.

நுழைவுத் தேர்வு முதல் வளாகத் தேர்வு வரை

ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பு, 1988-இல் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் முதல் அணி மாணவர்கள் சேர்ந்தபோது புதிய முகம் பெற்றது. பெரும்பாலான தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர 2008 முதல் 'கிளாட்' பொது நுழைவுத் தேர்வு நடத்தப்படுகிறது. ஆங்கிலத்தில் நடைபெறும் இத்தேர்வே முதல் வடிகட்டி.

உள்ளே நுழைந்தவர்களுக்கு அடுத்த வடிகட்டி, 'டே ஸீரோ' எனப்படும் வளாகத் தேர்வு. மதிப்பெண், மாதிரி நீதிமன்றப் போட்டிகள், ஆய்வுக் கட்டுரைகள் ஆகியவற்றுடன் உள்ளகப் பயிற்சியும் அதில் எடைபோடப்படுகிறது. பயிற்சிக்கு வந்தவரின் வேலையைப் பார்த்து, வளாகத் தேர்வுக்கு முன்பே பணி வாய்ப்பு அளிக்கும் நிறுவனங்களும் உண்டு. எனவே கோடை விடுமுறையின் நான்கு வாரங்கள் பாடமாகவும் நேர்காணலாகவும் அமைந்துவிடுகின்றன.

விதி கூறுவதும் கூறாததும்

இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரங்களும் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரங்களும் உள்ளகப் பயிற்சி கட்டாயம். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரங்களுக்கு மேல் பயிற்சி பெற முடியாது. ஆக, ஐந்தாண்டு மாணவர் குறைந்தது ஐந்து முறை இடம் தேட வேண்டும்.

பயிற்சியைக் கட்டாயமாக்கிய விதி, அதற்கான உதவித்தொகையைக் கட்டாயமாக்கவில்லை. ஊதியமின்றி தில்லியிலோ மும்பையிலோ ஒரு மாதம் தங்குவதற்கான வாடகை, உணவு, பயணச் செலவு மாணவரின் குடும்பத்தையே சேர்கிறது. அறிமுகமான வழக்குரைஞர் குடும்பத்தில் இருந்தால் இடம் எளிதில் கிடைக்கிறது. முதல் தலைமுறை மாணவருக்கு அந்தத் துணையும் இல்லை.

விலகிய தடைகள், புதிய நிபந்தனை

பட்டம் பெற்ற பின் எதிர்ப்படும் தடைகள் அண்மைக்காலமாகக் கவனம் பெற்று வருகின்றன. வழக்குரைஞராகப் பதிவு செய்யப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் வசூலிக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில், இளம் வழக்குரைஞர்களுக்கு நகர்ப்புறங்களில் மாதம் 20,000 ரூபாயும் ஊரகப் பகுதிகளில் 15,000 ரூபாயும் வழங்குமாறு பார் கவுன்சில் பரிந்துரைத்தது. இது பரிந்துரை மட்டுமே. மாணவப் பயிற்சியாளர்கள் இதன் வரம்புக்குள் வரவில்லை.

இதனிடையே, உரிமையியல் நீதிபதி பணிக்கான தொடக்கநிலைத் தேர்வை எழுத மூன்றாண்டு வழக்குரைஞர் அனுபவம் தேவை என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மீண்டும் கொண்டுவந்தது. பட்டம் பெற்றதும் அத்தேர்வை எழுதும் வழி அடைபட்டதால், தொடக்க ஆண்டுகளின் வருமானம் மேலும் முக்கியத்துவம் பெறுகிறது.

என்ன செய்யலாம்?

நான்கு வாரங்களில் மாணவரால் பெரிய பங்களிப்பு இயலாது. கற்பிப்பதில்தான் நேரம் செலவாகிறது என்பது சட்ட அலுவலகங்களின் வாதம். சிறு அலுவலகங்களைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. ஆனால், பயிற்சியையே ஆள்தேர்வுக்குப் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்களுக்கு அது பொருந்தாது.

இளம் வழக்குரைஞர்களுக்கான பரிந்துரையை, குறைந்த அளவிலேனும், பயிற்சி மாணவர்களுக்கும் விரிவுபடுத்தலாம். பயிற்சி இடங்களை வெளிப்படையாக அறிவித்து விண்ணப்பம் பெறலாம். மாவட்ட நீதிமன்ற வழக்குரைஞரிடம் பெற்ற பயிற்சிக்கும் வளாகத் தேர்வில் உரிய மதிப்பு தரலாம்.

பதிவுக் கட்டணம் குறைந்ததன் பயன் பட்டம் பெற்ற பிறகே கிடைக்கும். சட்டத் துறைக்குள் யார் எவ்வளவு தூரம் செல்வார் என்பதோ அதற்கு முன்பே, கல்லூரி விடுமுறைகளிலேயே தீர்மானமாகத் தொடங்கிவிடுகிறது.