அந்த இடத்துக்கு அடுத்து யார்?

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் பல்லாண்டு வேலை பார்த்த உளவியலாளர் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்றால், பாராட்டு விழாவுக்கு வருகிற கூட்டமே தனி. எப்போதோ சிகிச்சை முடிந்து போன குடும்பங்கள் வெளியூரிலிருந்து வந்து நிற்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் வந்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு கேள்வி எழும். மருந்து கொடுத்தவர் வேறு, அறுவை செய்தவர் வேறு. இவர் செய்தது என்ன? 'ஆறுதல் சொன்னார்' என்ற பதில்தான் வழக்கமாகக் கிடைக்கும். அந்தப் பதில் அவருடைய வேலையில் பாதியைக்கூடச் சொல்லவில்லை.

இப்படியொரு வேலை இருப்பதே குழந்தைகள் பிழைக்கத் தொடங்கியதால்தான். 1948இல் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, நோய் சில காலமாவது தணியும் என்று காட்டினார். இன்று வசதியான நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஆனால் அந்தக் குணத்துக்கு நீண்ட காலம் ஆகிறது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை மட்டும் இரண்டு, மூன்று ஆண்டுகள். முதுகுத்தண்டில் ஊசி, முடி கொட்டுவது, பள்ளிக்கூடம் விட்டுப்போவது, அப்பா வேலைக்குப் போக முடியாதது, தம்பி பாட்டி வீட்டில் வளர்வது எல்லாம் அதற்குள் அடக்கம்.

இந்தத் துறையின் முதல் பெரிய கேள்வி, குழந்தைக்கு எதைச் சொல்வது என்பது. 1961இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றின் டாக்டர்களிடம் கேட்டபோது, சுமார் 90 சதவீதம் பேர் நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். பெரியவர்களுக்கே அந்த நிலை என்றால், குழந்தையிடம் யார் வாய் திறப்பார்கள்? சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்ற நம்பிக்கையும் கூடவே இருந்தது.

அந்த நம்பிக்கையை 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஸ்பினெட்டாவும் அவருடைய சகாக்களும் சோதித்துப் பார்த்தார்கள். 6 முதல் 10 வயதுக் குழந்தைகள் முன் மருத்துவமனை அறையின் சிறு மாதிரி ஒன்றை வைத்தார்கள். அம்மா, அப்பா, டாக்டர், நர்ஸ் பொம்மைகளைக் கையில் கொடுத்து, அவரவர் இடத்தில் வைக்கச் சொன்னார்கள். ரத்தப் புற்றுநோய் இருந்த குழந்தைகள், வேறு நீண்டகால நோய் இருந்தவர்களைவிட, பொம்மைகளைக் கட்டிலிலிருந்து தள்ளி வைத்தார்கள். பிற்பாடு மறுபடி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அந்த இடைவெளி இன்னும் கூடியிருந்தது. யாரும் எதுவும் சொல்லாமலே பெரியவர்கள் விலகுவதைக் குழந்தைகள் கண்டுகொண்டிருந்தார்கள். மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1978இல் வெளியிட்ட நூல் இன்னொன்றையும் சொன்னது. தெரிந்ததைத் தெரியாததுபோல் குழந்தைகள் நடிக்கிறார்கள். அம்மா, அப்பா தங்களை விட்டு விலகிவிடக் கூடாது என்பதற்காகவே நடிக்கிறார்கள்.

'பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க' என்று கெஞ்சும் பெற்றோரிடம் உளவியலாளர் வாதம் செய்வதில்லை. குழந்தைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று முதலில் கேட்டுக்கொள்கிறார். குறும்பு செய்ததால் வந்த தண்டனை என்று ஐந்து வயதுப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கலாம். அது அவன் தப்பில்லை என்பதை எந்த வார்த்தையில் சொல்லலாம் என்று பெற்றோரோடு உட்கார்ந்து தேடுகிறார். நோய் குணமாகாது என்ற கட்டத்தில் இந்தத் தேடல் இன்னும் கடினம். 2004இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், புற்றுநோயால் பிள்ளையை இழந்த 429 பெற்றோரிடம் இதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். மரணத்தைப் பற்றிப் பிள்ளையோடு பேசிய 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாதவர்களில் 27 சதவீதம் பேர் வருந்தினார்கள். எல்லாப் பெற்றோரும் பேசியே ஆக வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை; பேசாதவர்களில் பெரும்பாலோர் வருந்தவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்று உணர்ந்தும் பேச முடியாமல் போனவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். அந்தத் தருணத்தை அடையாளம் காண உதவுவது உளவியலாளரின் வேலை.

குணமாவதிலும் இவருக்குப் பங்குண்டு. ரத்தப் புற்றுநோய் சிகிச்சையின் கடைசிக் கட்டத்தில் வீட்டிலேயே தினமும் மாத்திரை விழுங்க வேண்டும். அந்த மாத்திரைகளில் 95 சதவீதத்துக்குக் குறைவாக விழுங்கியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது என்று 2012இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. 15 வயதுப் பையன் ஏன் மாத்திரையை ஒளித்துவைக்கிறான் என்று ரத்தப் பரிசோதனை சொல்லாது. அவனோடு பேசுபவருக்குத்தான் தெரியும்.

'எங்களைப் பைத்தியம்னு நினைச்சுட்டாங்களா?' என்று உளவியலாளரைப் பார்க்கச் சில குடும்பங்கள் தயங்குகின்றன. பிலடெல்ஃபியாவில் இந்தப் பணியை வளர்த்த ஆன் கசாக்கின் 2006ஆம் ஆண்டு மாதிரி இதைத் தெளிவாக்குகிறது. பெரும்பாலான குடும்பங்கள் கலங்கினாலும் தாக்குப்பிடிக்கும். அவர்களுக்குத் தகவலும் துணையும் போதும். சிலருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். மிகச் சிலருக்குத்தான் தீவிர சிகிச்சை. யார் எந்த நிலையில் என்று முதலிலேயே பிரித்தறிவது பயிற்சியும் அனுபவமும் கேட்கும் வேலை. 2015இல் வல்லுநர் குழு ஒன்று இந்தப் பராமரிப்புக்கு 15 தரநிலைகளை வகுத்தது. உடன்பிறந்தவர்களைக் கவனிப்பதும், பிள்ளை இறந்த பின் குடும்பத்தோடு தொடர்பில் இருப்பதும் அவற்றில் உண்டு.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புற்றுநோயாளிகளின் உளநலத்துக்கென்று தனித் துறையே இருக்கிறது. ஆனால் பல மருத்துவமனைகளில் இந்தப் பணி ஒரே ஆளின் மேல் நிற்கிறது. அவர் போனால் எந்தக் குழந்தை எதற்குப் பயப்படும், எந்த அம்மா எதைக் கேட்கத் தயங்குவார் என்ற அறிவும் அவரோடு போய்விடும்.

ஆகவே மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வு பெறும் நாளுக்கு ஓராண்டு முன்பே அடுத்தவரை நிரந்தரப் பணியில் அமர்த்துங்கள்; மூத்தவரோடு சேர்ந்து குழந்தைகளைப் பார்க்க விடுங்கள். பொன்னாடை போர்த்தும் மேடையிலேயே அந்தப் புதியவரைக் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்யுங்கள்.