மண் மீண்டது; தறி மீளவில்லை

திருத்தணியை மீட்டோம் என்று நெஞ்சு நிமிர்த்திப் பேசத் தமிழர்க்கு உரிமையுண்டு. மங்கலங்கிழாரும் ம.பொ. சிவஞானமும் முன்னின்ற வடவெல்லைப் போராட்டமும், பின்வந்த படாசுகர் தீர்ப்பும் இல்லையெனில், 1960 ஏப்பிரல் முதல் நாளில் அம்மலையும் சுற்றூர்களும் நம் மாநிலத்தோடு சேர்ந்திரா. ஆனால், சேர்ந்த மண்ணில் வாழ்வோன் எதைக்கொண்டு பிழைக்கின்றான் என்று பார்த்தவர் எத்துணைப் பேர்?

காவடி தூக்கி 365 படி ஏறி இறங்குவோர்க்கு மலைதான் தெரியும். மலைக்கு மேற்கிலும் வடமேற்கிலும் பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே. பேட்டை, பள்ளிப்பட்டு என்று தறியோசையில் விடியும் ஊர்கள் உள. முன்பு கைத்தறி, இன்று பெரும்பாலும் விசைத்தறி. வீட்டின் முன்கட்டில் இரண்டு தறி போட்டவனை அரசு சிறுதொழில் முனைவோன் என்கின்றது. உண்மையில் அவன் யார்? தறி அவனுடையது, அதிலேறும் பாவு அவனுடையதன்று. பெருவணிகர் பாவும் ஊடையும் கொடுப்பார். நெய்த துணியைத் தூக்கிக்கொண்டு கூலியை எண்ணுவார். தறி பழுதானால் இழப்பு நெசவாளனுக்கு. துணிவிலை ஏறினால் ஊதியம் வணிகர்க்கு. முதலாளிக்குரிய இடர் முழுதும் இவன் தலையில். உழைப்பாளிக்குரிய காப்பு ஒன்றுகூட இல்லை!

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பது பொய். 2023-இல் இரு திங்களுக்கு விலையின்றித் தரும் மின்சாரத்தை விசைத்தறிக்கு 750 அலகிலிருந்து 1,000 ஆகவும், கைத்தறிக்கு 200-லிருந்து 300 ஆகவும் தமிழக அரசு உயர்த்தியது. நல்லதே. எனினும், மின்செலவு குறைந்த அளவுக்குக் கூலியைக் குறைத்துப் பேச நூல் கொடுப்பவர்க்கும் வழி பிறக்கின்றதே, அதை யார் தடுப்பது?

நூல் யார் கையிலோ, தொழிலும் அவர் கையில். 2017 சூலையில் வந்த சரக்கு-பணி வரி, பருத்தி நூலின்மேல் 5 விழுக்காடு ஏற்றியது. பதிவு செய்த வணிகர் கட்டிய வரியைக் கணக்கில் கழித்துக்கொள்வார். தன் பணத்தில் நூல் வாங்க முனையும் சிறு நெசவாளனுக்குப் பதிவிலிருந்து விலக்குண்டு. ஆகவே அவன் கட்டிய வரி திரும்பாது. சலுகையே சுமையான விந்தை இது!

கைத்தறியின் காப்போ தேய்ந்துகொண்டே வந்தது. 1985-இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் முதலில் 22 வகைத் துணிகள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆயின. 2020-இல் அனைத்திந்தியக் கைத்தறி வாரியத்தையே நடுவணரசு கலைத்தது.

சிறுதொழிலர்க்குரிய தொகையை 45 நாளுக்குள் தரவேண்டுமென்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கின்றது. நிலுவைக்கு வட்டியும் உண்டு. முறையீடு செய்யும் நெசவாளனுக்கு அடுத்த பாவு வருமா? வராது. அவனுக்கு வேறொரு நூல்வாயில் இருந்தாலொழிய அச்சட்டம் ஏட்டிலேயே கிடக்கும்.

ஆதலின் தமிழக அரசு முதலில் செய்யவேண்டியது, இவ்வூர்களில் கூட்டுறவு நூற்கிடங்கு வைத்து, விசைத்தறியாளர்க்கும் ஒரு பாவு, இரு பாவு என்னும் சிற்றளவில் கடனுக்கு நூல் கொடுப்பதே. துணி விற்றபின் கடனைத் திருப்பட்டும். அதற்கான படிவம், கணக்கு, பற்றுச்சீட்டு எல்லாம் நெசவாளன் தானே படித்துக் கையெழுத்திடும்படி தமிழில் இருக்கட்டும்.