சட்டம் கேட்கிற படிப்பை மூடலாமா?



2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. மனநல சமூகப் பணியாளர் என்றால் முதுகலைக்கு மேல் இரண்டு ஆண்டு எம்.ஃபில். வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். பல்கலைக்கழக மானியக் குழுவோ 2022-இல் எம்.ஃபிலையே நிறுத்தியது, பிறகு இதற்கு 2025-26 வரை தவணை கொடுத்தது.

"சேவை மனசு போதாதா?" என்பீர்கள். போதாது. ஒருவரைச் சம்மதமின்றி மருத்துவமனையில் சேர்க்கலாமா என்று பரிசோதித்துச் சொல்லும் இருவரில் ஒருவராக இவர் இருக்கலாம். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிப்போடவே என்னிடம் இரண்டு ஆண்டுப் பயிற்சி கேட்டார்கள். மனிதரின் சுதந்திரம் அதைவிட மலிவா?

படிப்புக்கு என்ன பெயரும் வைக்கட்டும். மேற்பார்வையோடு கூடிய அந்த இரண்டு ஆண்டுப் பயிற்சி குறையக் கூடாது. பெயர் மாறினால் சட்டத்தையும் திருத்துங்கள்.