விசுவாசமும் விஞ்ஞானமும்

விஞ்ஞானங் கற்றால் விசுவாசம் குன்றுமோ என்னும் ஐயம் நம் மாணவர் சிலரின் மன அமைதியைக் குலைப்பதை நாம் காண்கின்றோம். அவர்கட்குப் புதுவை நகரே விடை கூறும். 1633-இல் ரோமாபுரித் திருச்சபை கலிலேயோவைத் தண்டித்தது. அதற்கு 56 ஆண்டுகட்குப் பின், 1689 டிசம்பரில், அதே சபையின் குருவாகிய ழான் ரிஷோ என்னும் சேசு சபையார் இப்புதுவையில் தூரதிருஷ்டிக் கண்ணாடி கொண்டு ஒரு வால்வெள்ளியை நோக்கி வந்தார். அப்பொழுது, தென்வானில் வெறுங்கண்ணுக்கு ஒன்றாய் ஒளிரும் ஆல்பா செண்டாரி உண்மையில் இரு விண்மீன்கள் எனக் கண்டார். அவை ஏறத்தாழ 80 ஆண்டுகட்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருவதைப் பிற்காலத்தார் கணித்தனர்.

கண்டதைக் கண்டவாறே அறிவித்ததால் அவர் குருத்துவத்திற்கு இழுக்கொன்றும் நேரவில்லை. விண்மீன்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை விஞ்ஞானம் ஆராயும். அவற்றை நோக்கும் மனிதன் எவ்வாறு வாழவேண்டும் என்பதை விசுவாசம் உணர்த்தும். ஒன்றன் வினாவிற்கு மற்றொன்றை விடை கூறுமாறு வற்புறுத்தும்போதே கலக்கம் பிறக்கின்றது. உண்மைக்கு அஞ்சுதல் பக்தியாகாது. அது உண்மையின் கர்த்தரையே ஐயுறுதலாம். ஆதலின் அச்சமின்றிக் கற்போமாக, அடக்கத்தோடு செபிப்போமாக. இவ்விரண்டையும் ஒருங்கே செய்வார்க்குச் சமாதானம் அரிதன்று.