கட்டி ஓரிடம், கேடு வேறிடம்!

புற்றுநோய் என்றால் கட்டிதான் என்று பலரும் எண்ணுகிறார்கள். கட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கேடு, மற்ற உறுப்புகள் சௌக்கியம் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு தவறு என்பதை ஆராய்ச்சிக்கூடத்து எலிகள் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டன.

புண்ணில் ஊற்றினால் பொங்கி நுரைக்கிறதே, ஹைட்ரஜன் பெராக்ஸைடு, அது நம் உடலுக்குள்ளும் சிறிது சிறிதாக உண்டாகிறது. தேங்கினால் ஆபத்து. அதை நீராகவும் பிராணவாயுவாகவும் பிரித்துவிடுவது 'காட்டலேஸ்' என்னும் என்ஸைம். ஈரலில் இது ஏராளம்.

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் ஜெஸ்ஸி கிரீன்ஸ்டீனும் அவருடைய சகாக்களும் 1941-ல் கட்டியுள்ள எலிகளின் ஈரலைச் சோதித்தார்கள். 1942-ல் சுண்டெலிகளிலும் பார்த்தார்கள். கட்டி இருந்ததோ உடலின் வேறொரு பாகத்தில். ஆயினும் ஈரலின் காட்டலேஸ் சக்தி, ஆரோக்கியமான எலிகளில் உள்ளதைவிட வெகுவாகக் குன்றியிருந்தது. கட்டியை அறுத்து எடுத்ததும் அது மீண்டும் ஏறிற்று! அப்படியானால் ஈரல் நிரந்தரமாகக் கெட்டுவிடவில்லை. எங்கோ இருந்த கட்டிதான் அதை அடக்கி வைத்திருந்தது.

"எலியின் ஈரலை அளந்து என்ன லாபம்? மருந்து எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. அவசரக்காரர்களின் கேள்வி அது. நோயாளி உருகி மெலிவதற்குக் கட்டியின் பருமன் மட்டும் காரணமல்ல என்னும்போது, உடல் முழுவதும் என்ன நடக்கிறது என்று அறியாமல் மருந்தைத் தேடுவது எப்படி?

இன்னொரு சாரார் எதிர்த்திசையில் ஓடுகிறார்கள். காட்டலேஸ் குறைந்தால் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடலாமே என்பது அவர்கள் ஆசை. அதுவும் கூடாது. கிருமித் தொற்று போன்ற வேறு காரணங்களாலும் அது குறையக்கூடும். ஆகவேதான் நோயற்ற எலியின் கூண்டுக்கு இத்தனை மதிப்பு. அதே இனம், அதே வயது, அதே தீனி. கட்டி மட்டும் இல்லை. அந்த எலி பக்கத்தில் இல்லாவிட்டால், நோயுற்ற எலியின் கணக்கு வெறும் எண்தான். பத்திரிகைச் செய்திகளில் இந்த எலியைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை என்பது வேறு விஷயம்.

1948-ல் ஜப்பானில் நகஹாராவும் ஃபுகுவோகாவும் மனிதரின் புற்றுக் கட்டிகளிலிருந்து எடுத்த சத்தை நல்ல சுண்டெலிகளுக்குச் செலுத்தினார்கள். அவற்றின் ஈரலிலும் காட்டலேஸ் குறைந்தது. 'டாக்ஸோஹார்மோன்' என்று பெயரும் வைத்தார்கள். பெயர் நிலைத்தது, அது இன்ன பொருள்தான் என்று தனியாகப் பிரித்து, எல்லோரும் ஒப்பும்படி நிரூபிப்பதுதான் கைகூடவில்லை.