திருமேனிகளின் முகவரி

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் அளித்த செப்புத் திருமேனிகளைப் பற்றிய பகுதிகள் தனிக் கவனத்துக்கு உரியவை. படிமத்தை எழுந்தருளுவித்தவர் யார், பாதம் முதல் முடி வரை அதன் உயரம் எத்தனை முழம் எத்தனை விரல், கைகள் எத்தனை, பீடமும் திருவாசியும் எத்தகையவை, அதற்குச் சாத்திய அணிகள் என்னென்ன என்பன எல்லாம் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உயரத்தை அளந்தது கோயிலிலேயே வைத்திருந்த முழக்கோல் என்பதும், பொன்னை நிறுத்தது ஆடவல்லான் என்று பெயரிட்ட கல் என்பதும்கூட விடாமல் எழுதப்பட்டுள்ளன. இன்றைய ஆவணக் காப்பகத்தார் ஒரு பொருளின் படத்தோடு சேர்த்துப் பதிவுசெய்யும் விவரங்களின் தொகுப்பை, அதாவது அது எது, எங்கிருந்தது, யாருடையது, எந்த அளவினது, யார் எப்போது பதிந்தார் என்னும் குறிப்புகளை, மீத்தரவு என்று அழைக்கின்றனர். அந்தச் சொல் புதியது. அது குறிக்கும் வேலையைத் தஞ்சையின் கல்தச்சர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செம்மையாகச் செய்து முடித்திருக்கிறார்கள்.

ஆயினும் அக்கல்வெட்டுகள் குறிப்பிடும் படிமங்களுள் மிகப் பல இன்று கோயிலில் இல்லை. வடிவத்தின் பதிவு இல்லாமல் விவரம் மட்டும் எஞ்சினால் நேரும் இடர்ப்பாட்டை 2018ஆம் ஆண்டு காட்டியது. அகமதாபாத்தின் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து இராசராசனுடையது, அவன் அரசி உலகமாதேவியுடையது என்று கருதப்பட்ட இரு படிமங்கள் அவ்வாண்டில் தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டன. ஆனால் கல்வெட்டு குறிப்பிடுபவை இவைதாமா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. முழமும் விரலும் சொல்லும் உயரத்தை வைத்து ஒரு முகத்தை ஐயமற அடையாளம் காண இயலாது.

பண்பாட்டு மரபுச் செல்வங்களை மின்னணு வழியில் பேணுதல் என்று பேசும்போது, அழியக்கூடிய ஒன்றை அழியாத படமாக மாற்றிவைத்தல் என்பதே பெரும்பாலும் பொருளாகக் கொள்ளப்படுகிறது. சிதைந்துவரும் ஓலைச்சுவடிக்கு அந்த விளக்கம் பொருந்தும். கோயில் படிமங்களுக்கு நேர்வது வேறு வகை இழப்பு. செம்பு எளிதில் அழிவதில்லை. ஊரிலிருந்து பிரிந்து, பெயர் இழந்து, வெளிநாட்டுக் கூடம் ஒன்றில் 'தென்னிந்தியா, சோழர் காலம்' என்னும் பொதுவான பெயர்ச்சீட்டின் கீழ் நிற்பதே அதற்கு நேரும் அழிவு. ஆகவே இங்கே மின்னணுப் பதிவு காக்க வேண்டியது உலோகத்தை அன்று. ஒரு திருமேனிக்கும் ஒரு கோயிலுக்கும் இடையேயுள்ள உறவை.

அந்த உறவுக்குச் சான்று இல்லாதபோது என்ன பாடுபட வேண்டியிருந்தது என்பதற்குப் பத்தூர் நடராசர் வழக்கு சாட்சியாக நிற்கிறது. அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த பத்தூரில், இடிந்துகிடந்த சிவன் கோயிலின் அருகே மண்ணுக்குள் இருந்த அத்திருமேனி 1976இல் வெளிப்பட்டு, கைமாறிக் கைமாறி இலண்டனை அடைந்து, கனடா நாட்டு நிறுவனம் ஒன்றால் வாங்கப்பட்டது. இலண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றிய பிறகு நடந்த வழக்கில், அது பத்தூரில் இருந்ததுதான் என்று நிறுவ ஒரு ஒளிப்படம்கூட இல்லை. நெடுங்காலம் மண்ணுக்குள் இருந்த ஒன்றுக்குப் படம் இருக்கவும் வழியில்லை. அதனால் அதே இடத்தில் பின்னர் கிடைத்த பிற படிமங்களோடு அதன் கலைப்பாணியையும் உலோகத்தையும் ஒட்டியிருந்த மண்ணையும் ஒப்பிட்டு வல்லுநர்கள் சான்று கூற வேண்டியிருந்தது. தமிழகத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அவர்களுள் ஒருவர். 1988இல் கிடைத்த தீர்ப்பு 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் உறுதியாகி, திருமேனி தமிழகம் திரும்பியது. இடிந்த கோயிலும் சட்டத்தின் முன் வழக்காடும் உரிமை உடையது என்பதை ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது அவ்வழக்கின் பெரும் பேறு.

இதனோடு அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசரின் மீட்சியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாள்வழிபாடு நின்று பூட்டிக் கிடந்த அவ்வூர்ப் பிருகதீசுவரர் கோயிலின் படிமங்கள் 2006இல் திருடப்பட்டன. ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அந்நடராசரை 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடம் வாங்கியது. அதே ஆண்டில் அதிகாரிகள் கோயிலைத் திறந்து பார்த்தபோதுதான் திருமேனிகள் இல்லாதது ஊருக்கே தெரியவந்தது. தொல்பொருள்கள் வெளிநாடு செல்வதைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தியே அது இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டதாகக் காட்டும் பொய் ஆவணங்கள் விற்பனையோடு இணைக்கப்பட்டிருந்தன. தன் கொள்முதலை முதலில் நியாயப்படுத்திய கலைக்கூடத்தை அசைத்தது, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் காப்பகத்தில் இருந்த ஒளிப்படம். 1972க்குப் பின்னரும் அதே திருமேனி ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள்ளேயே இருந்ததைக் காட்டிய அப்படத்தின் முன்னால் அந்த ஆவணங்கள் நிற்க முடியவில்லை. 2014 செப்டம்பரில் நடராசரும், அதே வணிகர் வழியே சிட்னி சென்றிருந்த விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரும் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

பிரெஞ்சு நிறுவனம் 1955இல் தொடங்கப்பட்டது; அதன் ஒளிப்படப் பணி 1956 முதல் நடந்து, தென்னிந்தியக் கோயில்களைப் பற்றிய ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களாக வளர்ந்திருக்கிறது. அப்படங்களை எடுத்தவர்களின் நோக்கம் திருட்டைத் தடுப்பது அன்று. படிமக்கலையையும் கட்டடக்கலையையும் ஒழுங்காகப் பயிலுவதே. ஆயினும் ஊர், கோயில், படம் எடுத்த நாள் ஆகியவற்றை அட்டையில் குறித்துவைக்கும் ஆய்வு ஒழுக்கத்தை அவர்கள் கைவிடாததால், அந்தப் படங்கள் பின்னாளில் நீதிக்குச் சான்றாக நிற்கும் தகுதியைப் பெற்றன. ஆனந்தமங்கலம் இராசகோபாலப் பெருமாள் கோயிலின் இராமர், இலக்குவன், சீதை திருமேனிகள் 1958இல் படமெடுக்கப்பட்டு, 1978இல் திருடப்பட்டு, 2020இல் பிரிட்டனிலிருந்து திரும்பின. படம் எடுத்த நாளுக்கும் அது பயன்பட்ட நாளுக்கும் இடையே 60 ஆண்டுகளுக்கும் மேல் கழிந்திருக்கின்றன.

மின்னாக்கம், அதாவது படச்சுருளில் உள்ளதை ஒளிவருடிக் கணினிக் கோப்பாக்கித் தேடத்தக்க தரவுத்தளத்தில் சேர்த்தல், இந்தச் செல்வத்துக்குக் கூட்டிய பயன் மிகப் பெரிது. முன்பெல்லாம் ஒரு படிமத்தின் மேல் ஐயம் கொண்டவர் புதுச்சேரிக்கே சென்று, எந்தப் பேழையில் தேடுவது என்பதையும் அறிந்திருக்க வேண்டியிருந்தது. இப்போது வணிகர்களின் விற்பனைப் பட்டியல்களையும் அருங்காட்சியகங்களின் வலைத்தளங்களையும் பார்த்துவரும் தன்னார்வலர்கள் வெவ்வேறு நாடுகளிலிருந்தபடியே பழைய படங்களோடு அவற்றை ஒப்பிடுகின்றனர்; எஸ். விஜயகுமார், அனுராக் சக்சேனா ஆகியோர் தொடங்கிய இந்தியா பிரைடு புராஜெக்ட் அவ்வாறு இயங்கும் குழு. காவல்துறையின் வேலையில் ஒரு பகுதியைக் கண்ணும் பொறுமையும் உள்ள குடிமக்கள் செய்ய முடிந்தது மின்னாக்கத்தினால்தான்.

ஒப்பீடு இத்தனை உறுதியாக அமைவதற்குச் செப்புத் திருமேனி உருவாகும் முறையே காரணம். மெழுகில் முழு உருவத்தையும் செய்து, மேலே மண்ணைப் பூசிக் கருவாக்கி, சூட்டில் மெழுகை வடித்துவிட்டு, அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்த்து, ஆறிய பின் கருவை உடைத்தெடுப்பது மெழுகு வார்ப்பு முறை. கரு உடைவதால் ஒரு வார்ப்பிலிருந்து ஒரு படிமமே பிறக்கும். ஒரே பட்டறையில் ஒரே தியானச் செய்யுளின்படி செய்த இரு நடராசர்களும் விரல் மடிப்பிலும் திருவாசிச் சுடர்களின் வளைவிலும் வேறுபடுவர். வார்ப்பில் விழுந்த சிறு குழி, உடைந்துபோன ஒரு சுடர், ஒட்டுப்போட்ட தழும்பு, தலைமுறை தலைமுறையாகத் திருமஞ்சனம் செய்ததால் மழுங்கிய மூக்கு, உலாவின்போது தண்டில் கட்டுவதற்கான பீடத் துளைகளின் அமைப்பு ஆகியன மனிதருக்குக் கைரேகை போல அதற்கே உரியவை. ஆப்ஜெக்ட் ஐடி என்ற பெயரில் 1997இல் அறிமுகமான அனைத்துலகப் பதிவு நெறியும், ஒளிப்படம், பொருள்வகை, அளவு, எழுத்துகள் ஆகியவற்றோடு இத்தகைய தனி அடையாளங்களையும் கட்டாயம் குறிக்கச் சொல்கிறது. அலங்காரத்தோடு முன்புறம் மட்டும் எடுத்த படம் பக்தருக்கு நிறைவளிக்கும்; அடையாளம் காண அது உதவாது. பின்புறமும் பக்கங்களும் பீடத்தின் அடியும் அளவுகோலோடு சேர்த்துப் பதிவாக வேண்டும். பல கோணங்களில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்த நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து கணினி முப்பரிமாண உருவைக் கணக்கிடும் ஒளிப்பட அளவையியல், இன்று விலை மிகுந்த கருவிகள் இல்லாமலேயே இயலும் முறையாகிவிட்டது.

படத்தின்மேல் செலுத்தும் கவனத்தில் பாதிகூடப் பெரும்பாலான திட்டங்கள் விவரக்குறிப்பின்மேல் செலுத்துவதில்லை என்பது வருந்தத்தக்கது. ஊர்ப்பெயர் நிலையானது என்று தோன்றும். ஆவணத்தில் அது அவ்வாறு நிற்பதில்லை. ஸ்ரீபுரந்தான் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்து, பெரம்பலூர் மாவட்டத்துக்கு மாறி, பின்னர் அரியலூர் மாவட்டத்தில் சேர்ந்தது. ஆனந்தமங்கலம் படமெடுக்கப்பட்டபோது தஞ்சை மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், இன்று மயிலாடுதுறை. 18 படிமங்கள் திருடுபோன சுத்தமல்லி அரியலூரில் உள்ளது. அதே பெயருடைய ஊர் திருநெல்வேலியிலும் உண்டு. ரோமன் எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதிய ஊர்ப்பெயரைத் தேடுபொறி வெவ்வேறு ஊர்களாகவே கொள்ளும். தமிழ் எழுத்தில் பெயர், பழைய மாவட்டமும் புதிய மாவட்டமும், கல்வெட்டுகளில் ஊருக்கு வழங்கிய பெயர், அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவை சேர்ந்தால்தான் அது முகவரி. இதைச் செய்யத் தேவையானது கருவி அன்று; ஊரை அறிந்த ஒரு மனிதரின் சில மணி நேரம்.

இப்பணிக்கு எதிராகச் சொல்லப்படும் தயக்கங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. திருமேனியை அணிகள் களைந்த நிலையில் படமெடுப்பதைச் சிவாச்சாரியார்களும் பட்டாச்சாரியார்களும் விரும்பாதது இயல்பு. திருமஞ்சனத்துக்கு முன்னோ பின்னோ அவர்கள் ஒப்பும் நேரத்தில், அவர்களே கையாள, ஊரார் அறிய அது நடக்க வேண்டும். படங்களை வெளியிட்டால் திருடருக்கு வழிகாட்டியதாகும் என்ற அச்சத்திலும் நியாயம் உண்டு. ஆனால் ஸ்ரீபுரந்தானுக்கும் சுத்தமல்லிக்கும் வந்த திருடர்களுக்குத் தரவுத்தளம் எதுவும் தேவைப்படவில்லை, மீட்க முனைந்தவர்களுக்கே தேவைப்பட்டது. உருவத்தையும் ஊரையும் பொதுவில் வைத்து, காப்பறையின் அமைப்பையும் காவல் ஏற்பாட்டையும் மறைத்துவைப்பதே தக்க முறை. மூன்றாவது தயக்கம் நகலைப் பற்றியது. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் கிடைத்த நடராசர் பழுதுபார்க்க அனுப்பப்பட்டபோது, அதன் நகல் கோயிலுக்கு வந்தது, மூலம் விற்கப்பட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட் 1965இல் எழுதிய பிறகே அது வெளிப்பட்டு, கலிஃபோர்னியாவின் நார்டன் சைமன் அருங்காட்சியகத்திலிருந்து 1986இல் திரும்பியது. நுட்பமான முப்பரிமாணக் கோப்பு கைக்குக் கிடைத்தால் அத்தகைய நகலைச் செய்வது இன்னும் எளிதாகும் என்பதால், அதை மட்டும் காப்பகத்துக்குள் பூட்டிவைப்பது அவசியம். அதே கோப்புதான் பழுதுபார்த்துத் திரும்பிய திருமேனி மூலமா நகலா என்பதையும் மில்லிமீட்டர் கணக்கில் சொல்லவல்லது.

மின்னணுக் கோப்பு தானாகவே நிலைத்துவிடும் என்ற நம்பிக்கையும் திருத்தப்பட வேண்டியது. பழைய நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தால் இன்றும் உருவம் தெரியும்; பழுதான வன்தட்டு அப்படி எதையும் காட்டாது. இங்கிலாந்தின் 1086ஆம் ஆண்டு நிலவுடைமைக் கணக்கான டூம்ஸ்டே நூல் தோலில் எழுதப்பட்டு இன்னும் படிக்கத்தக்கதாக இருக்க, அதன் 900ஆம் ஆண்டை ஒட்டி பிபிசி 1986இல் லேசர் தட்டுகளில் வெளியிட்ட மின்னணுத் தொகுப்பைப் படிக்கும் கருவிகள் 20 ஆண்டுகளுக்குள் அரிதாகிவிட, அதை மீட்கவே தனி ஆய்வுத் திட்டம் வேண்டியிருந்தது. கோப்புகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய சேமிப்புக்கு மாற்றுவதும், ஒன்றுக்கொன்று தொலைவான இடங்களில் படிகள் வைப்பதும், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு அது சிதையாமல் இருக்கிறதா என்று காலம்தோறும் சோதிப்பதும் செலவுக் கணக்கில் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டும். ஒளிவருடுவதற்கு மட்டும் நிதி ஒதுக்கிவிட்டு ஓயும் திட்டம், நிறைவேறியதாக அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே அழியத் தொடங்குகிறது.

தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் மட்டும் 40,000க்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ளன. குடும்பங்களின் கையிலும் ஊராரின் கையிலும் உள்ளவை அவற்றுக்குப் புறம்பானவை. அத்தனையையும் ஒரே ஆண்டில் பதிவுசெய்ய எந்தத் துறையாலும் ஆகாது என்பதால், எங்கிருந்து தொடங்குவது என்பதே முதல் முடிவாகிறது. புகழ்பெற்ற தலங்களில் ஆயிரம் கண்கள் நாள்தோறும் திருமேனியைக் காண்கின்றன. அங்கே ஒரு படிமம் காணாமற்போனால் அன்றே ஊர் அறியும். ஒருவேளைப் பூசைக்கும் வழியின்றிப் பூட்டிக்கிடக்கும் சிற்றூர்க் கோயில்களையும், திருமேனிகள் உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையங்களுக்குப் போய்விட்டு ஊரில் பீடம் மட்டும் நிற்கும் கோயில்களையும் பட்டியலின் தலையில் வைக்க வேண்டும். மையத்துக்குச் செல்லும் ஒவ்வொரு படிமத்தின் பதிவிலும் ஒரு படி, தமிழில், அச்சிட்ட படங்களோடு, அது புறப்பட்ட ஊரின் கோயிலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் இருக்க வேண்டும். தங்கள் ஊர்த் திருமேனி எப்படி இருக்கும் என்பதை அறிந்த கடைசி முதியவர் மறைந்த பிறகும், உரிமை கேட்டு எழுதும் முதல் விண்ணப்பம் அவ்வூரிலிருந்தே புறப்பட அது ஒன்றே வழிசெய்யும்.