28 டாலர் பொம்மை வீடு வந்து சேரும்போது என்ன விலை? ‘ஃபார்வர்டிங்’ முகவரியில் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

முயல் காது, உருண்டைக் கண், வாய் நிறையக் கூரான பற்கள். அழகா, விகாரமா என்று சட்டெனச் சொல்ல முடியாத ‘லபுபு’ பொம்மை இப்போது நம்மூர் கல்லூரி மாணவிகளின் பைகளிலும் தொங்குகிறது. ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ஓவியர் காசிங் லங் 2015-ல் தன் படக்கதைகளுக்காக உருவாக்கிய பாத்திரம் இது. 2019 முதல் சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் இதைப் பொம்மையாக விற்கிறது. 2024 ஏப்ரலில் ‘பிளாக்பிங்க்’ பாடகி லிசா தன் இன்ஸ்டாகிராமில் காட்டியதும் உலகமே தேடத் தொடங்கியது. 2025 மே மாதம் பிரிட்டனில் வரிசையில் நின்றவர்களுக்குள் தள்ளுமுள்ளு ஏற்பட, அங்குள்ள கடைகளில் இதன் விற்பனையையே நிறுவனம் சில காலம் நிறுத்திவைத்தது.

இப்படி ஒரு பொம்மைக்கு ஆசைப்படும் கோவை மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க இணையக் கடையில் விலை சுமார் 28 டாலர். நம் காசில் ஏறத்தாழ 2,500 ரூபாய். ஆனால் அந்தக் கடை இந்தியாவுக்கு அனுப்பாது. ‘அதுக்கென்ன, அமெரிக்காவுலயே ஒரு அட்ரஸ் தர்றாங்களே!’ என்கிறாள் தோழி. அதுதான் ‘பேக்கேஜ் ஃபார்வர்டிங்’ சேவை.

எப்படி நடக்கிறது?

ஃபார்வர்டிங் நிறுவனத்தில் பதிவு செய்தால், அதன் வெளிநாட்டுக் கிடங்கு முகவரியும் உங்களுக்கென ஓர் எண்ணும் கிடைக்கும். கடையில் அந்த முகவரியைக் கொடுத்து வாங்க வேண்டும். பார்சல் கிடங்குக்கு வந்ததும், அதைக் கூரியரில் இந்தியாவுக்கு அனுப்புவார்கள். நாலைந்து கடைகளில் வாங்கியதை ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்பவும் செய்வார்கள். அமெரிக்காவில் இத்தகைய கிடங்குகள் பல ஓரிகான் மாநிலத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே விற்பனை வரி கிடையாது.

சேவையில் தவறேதும் இல்லை. இங்கே கிடைக்காத புத்தகத்தையோ உதிரி பாகத்தையோ இப்படித்தான் பலர் வரவழைக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சாதாரண ஆன்லைன் ஷாப்பிங்கில் நீங்கள் வாடிக்கையாளர் மட்டுமே. ஃபார்வர்டிங் முகவரியைக் கொடுத்த நொடியில் நீங்கள் ஓர் இறக்குமதியாளர். இதை எந்த நிறுவனமும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

எடை இரண்டு கிலோ, பில் ஏழு கிலோவுக்கு!

முதல் அதிர்ச்சி கூரியர் கட்டணத்தில் வரும். பார்சலின் எடையை மட்டும் கூரியர் நிறுவனங்கள் பார்ப்பதில்லை. விமானத்தில் அது அடைக்கும் இடத்தையும் கணக்கிடுகின்றன. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான கணக்கு. 40, 30, 30 செ.மீ. அளவுள்ள பெட்டி என்றால் 7.2 கிலோ. உள்ளே இருக்கும் பஞ்சு பொம்மைகள் இரண்டு கிலோ மட்டுமே இருந்தாலும் 7.2 கிலோவுக்கான கட்டணம்தான். அதே பொருட்களை 25, 20, 20 செ.மீ. பெட்டியில் மாற்றிக் கட்டினால் கணக்கு 2 கிலோவாகச் சுருங்கும். ஆகவே, ‘ரீபேக்கிங்’ வசதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஆனால் சேகரிப்பாளர்களுக்குப் பொம்மையின் அட்டைப்பெட்டியும் முக்கியம். அதைக் கிழிக்கக் கூடாது என்று குறிப்பு எழுதாவிட்டால், மிச்சமாகும் பணத்தைவிட இழப்பு பெரிதாகலாம்.

வரி எதற்கு விதிக்கப்படும்?

‘ஒரு பொம்மைதானே, இதுக்கெல்லாமா வரி?’ என்று தோன்றும். ஒரு பொம்மைக்கும் உண்டு. கடையில் கொடுத்த விலையோடு சரக்குக் கட்டணம், இன்சூரன்ஸ் இரண்டும் சேர்ந்ததே சுங்கத்துறை எடுத்துக்கொள்ளும் மதிப்பு. விமானத்தில் வரும் பொருளுக்கு ஒரு சலுகை உண்டு. சரக்குக் கட்டணம் எவ்வளவு இருந்தாலும், பொருளின் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் மதிப்பில் சேர்க்கக் கூடாது. அந்த மதிப்பின் மேல் சுங்க வரி, இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் ஐ.ஜி.எஸ்.டி. விகிதங்கள் பட்ஜெட்டில் மாறக்கூடியவை என்பதால், வாங்கும் நாளில் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும்.

கோவை மாணவியின் கணக்குக்கு வருவோம். பொம்மை 2,500 ரூபாய், ஃபார்வர்டிங் கட்டணம் 2,000 என்று வைத்தால், வரிக்கு முன்பே 4,500 ஆகிவிட்டது. அதன் மேல் வரி, கூரியர் நிறுவனத்தின் ‘க்ளியரன்ஸ்’ கட்டணம், வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்குப் பல வங்கிகள் பிடிக்கும் 2 முதல் 3.5 சதவீதம். பொம்மை வீடு வரும்போது விலை இரு மடங்கைத் தாண்டிவிடும். ‘ஒரு பொம்மைக்கா இவ்ளோ?’ என்று அப்பா கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

‘கிஃப்ட்’ என்று போட்டால் என்ன?

இந்தக் கட்டத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பார்சலில் என்ன இருக்கிறது, விலை என்ன என்பதைச் சில ஃபார்வர்டிங் தளங்களில் வாடிக்கையாளரே நிரப்ப வேண்டும். ‘கிஃப்ட்னு போட்டுடு, பத்து டாலர்னு எழுதிடு’ என்று சமூக வலைதளங்களில் யோசனை சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை.

பழைய நினைப்பில் சொல்லப்படும் யோசனை அது. 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புகளுக்கு ஒரு காலத்தில் வரி விலக்கு இருந்தது உண்மை. அதை இணைய வர்த்தகர்கள் தவறாகப் பயன்படுத்தியதால், 2019 டிசம்பரில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் அந்த வழியை அடைத்துவிட்டது. உயிர் காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக் கயிறுக்கும் மட்டுமே விலக்கு மிச்சம். விலையைக் குறைத்து எழுதினாலோ, பொருளை மாற்றி எழுதினாலோ சுங்கச் சட்டம் 1962-ன் 111-வது பிரிவின்படி பொருளைப் பறிமுதல் செய்யலாம். 112-வது பிரிவின்படி அபராதமும் விதிக்கலாம். அந்த நோட்டீஸ் யோசனை சொன்னவருக்குப் போகாது. ஆதார், பான் விவரம் கொடுத்துப் பார்சலை வாங்குபவரின் வீட்டுக்குத்தான் வரும்.

பொருள் சரியில்லை என்றால்?

லபுபு பெரும்பாலும் ‘பிளைண்ட் பாக்ஸ்’ முறையில் விற்கப்படுகிறது. பெட்டியைத் திறக்கும்வரை எந்த நிறப் பொம்மை என்று தெரியாது. கிடங்கில் எடுத்து அனுப்பும் படத்தில் மூடிய அட்டைப்பெட்டிதான் தெரியும். உள்ளே இருப்பது போலி என்பது கோவையில் திறந்த பிறகே தெரியவரும். அதற்குள் கடையின் ‘ரிட்டர்ன்’ கெடு முடிந்திருக்கலாம். கடையைப் பொறுத்தவரை, பார்சல் அமெரிக்க முகவரியில் சேர்ந்த அன்றே விற்பனை முடிந்துவிட்டது.

2020-ல் வந்த இ-காமர்ஸ் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஆனால் அவை இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்க முன்வரும் நிறுவனங்களாக இருக்க வேண்டும். ‘இந்தியாவுக்கு அனுப்ப மாட்டோம்’ என்று சொல்லும் கடையை அந்த விதியின் கீழ் இழுப்பது எளிதல்ல.

போலியில் பண நஷ்டம் மட்டும் இல்லை. ‘லஃபுஃபு’ என்று கேலியாக அழைக்கப்படும் போலிகளின் பாகங்கள் கழன்று குழந்தைகளின் தொண்டையில் சிக்கலாம் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்ட்டில் எச்சரித்தது. இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முன்பின் தெரியாத வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதை மறக்கக் கூடாது.

இன்னொரு பொறியும் உண்டு. ‘உங்கள் பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, இந்த லிங்க்கில் பணம் கட்டுங்க’ என்று குறுஞ்செய்தி வரும். பார்சலை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் யோசிக்காமல் கட்டிவிடுவார். சுங்கத்துறை அனுப்பும் கடிதத்தில் ‘டின்’ எனப்படும் அடையாள எண் இருக்கும். அதைத் துறையின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால் மோசடிதான்.

யார் மாற வேண்டும்?

ஆசைப்பட்டு வாங்குபவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பார்சலின் அளவும் பொருளின் விலையும் தெரிந்த பிறகு, வரி உட்பட வீடு வந்து சேரும் மொத்தத் தொகையைக் காட்டுவது ஃபார்வர்டிங் நிறுவனங்களுக்குக் கடினமான வேலை இல்லை. கடை ரசீதைப் பதிவேற்றினால்தான் விலைக் கட்டத்தை நிரப்ப முடியும் என்று வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கட்டத்தைக் காலியாக விட்டு, நிரப்பும் பொறுப்பைப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலையில் கட்டுவது வசதி செய்து கொடுப்பது ஆகாது.

அதுவரை வாங்குபவர்தான் உஷாராக இருக்க வேண்டும். உண்மையான விலையை எழுதுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், 2,500 ரூபாய்ப் பொம்மையை ஆறாயிரம் என்று நினைத்துப் பாருங்கள். அப்போதும் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்கலாம்.